ஃபங்ஷனல் ஈக்வேஷன்ல எதுக்கு பதிலா எத போடறது, அது எப்படி தோணும்

ஃபங்ஷனல் ஈக்வேஷன்னா, தெரியாத நம்பருக்கு பதிலா தெரியாத ஃபங்ஷனயே (சார்பயே) கண்டுபிடிக்கச் சொல்ற ஈக்வேஷன். அதுன்னாலே பசங்க மெரள்றதுக்கு காரணம் கணக்கு கஷ்டங்கறது இல்ல, சொல்யூஷன எழுதற விதம்தான். "இங்க 0 போடுக, இங்க 1/க போடுக, ஆகவே விடை"ன்னு நாலு வரில முடிச்சிருப்பாங்க, அந்த 0 ஏன், அந்த 1/க ஏன்னு எங்கயும் இருக்காது. பிளஸ் ஒன் பிளஸ் டூ பசங்களுக்கு வீட்ல வெச்சு கணக்கு சொல்லிக் குடுக்கும்போது திரும்பத் திரும்ப கேக்கற கேள்வி இதுதான், "இது எனக்கு எப்படி தோணும்?". தோணும். ஒவ்வொரு தடவையும் எத ஒழிக்கணும்னு பாத்துட்டு போட்டா கண்டிப்பா தோணும்.

முதல்ல எழுத்து விஷயம். ஸ்கூல் புக்ல எஃப், எக்ஸ், ஒய்னு இருக்கும், நான் தமிழ் கீபோர்டுலயே தட்டறதால சார்புக்கு ச, மாறிக்கு க, ம ன்னு வெச்சுக்கறேன், நீங்க நோட்ல உங்களுக்கு பழகின எழுத்தயே போட்டுக்கோங்க, கணக்கு ஒண்ணும் மாறாது. மாறாதுங்கறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. க-ங்கறது ஏதோ ஒரு நம்பரோட பேரு இல்ல, அது ஒரு காலி சீட்டு. "எல்லா க-வுக்கும் இது உண்மை"ன்னு கணக்குல குடுத்துட்டாங்கன்னா அந்த சீட்டுல 0 உக்காரலாம், −5 உக்காரலாம், ம+1 உக்காரலாம், ச(ம) கூட உக்காரலாம். ஒரே கண்டிஷன், எங்கெல்லாம் க இருக்கோ அங்கெல்லாம் அதே ஆள்தான் உக்காரணும். இடது பக்கம் மட்டும் மாத்திட்டு வலது பக்கத்த அப்படியே விட்டுடறதுதான் நான் நோட்டு திருத்தும்போது அதிகமா பாக்கற தப்பு.

சின்னதுலேந்து ஆரம்பிப்போம்.

ச(க+1) = க² − 3க + 2

நமக்கு வேணும்ங்கறது ச(க). இப்ப இடைஞ்சலா இருக்கறது உள்ள இருக்கற அந்த +1. அது போகணும்னா க இருக்கற எடத்துல எல்லாம் க−1 போடுங்க. இடது பக்கம் ச(க) ஆயிடும், வலது பக்கம் (க−1)² − 3(க−1) + 2, பிரிச்சு எழுதினா க² − 5க + 6. சரியான்னு பாக்க ஒரிஜினல்ல க = 1 போட்டா ச(2) = 1 − 3 + 2 = 0, நம்ம விடைல 2 போட்டா 4 − 10 + 6 = 0. ஒத்துப் போகுது.

இதே மாதிரிதான் இருக்குன்னு நெனச்சு ஏமாற எடம் ஒண்ணு இருக்கு. ச(க²) = க⁴ + 1 ன்னு குடுத்து, க மெய்யெண்னு சொல்லிட்டாங்கன்னா, உடனே ச(க) = க² + 1 ன்னு எழுதிடுவோம். ஆனா க² எப்பவும் 0 இல்லன்னா பிளஸ்தான், அதனால இந்த ஈக்வேஷன் ச-வ பத்தி பேசறது 0-வும் அதுக்கு மேலயும் மட்டும்தான். ச(−3) என்னன்னு இது வாயே திறக்கல, அங்க என்ன வேணா இருக்கலாம். அதனால சீட்டுல ஒருத்தர உக்கார வெக்கறதுக்கு முன்னாடி சார்பகம் (ச-வுக்குள்ள எந்தெந்த எண்ணெல்லாம் போகலாம்ங்கறது) என்ன, உள்ள இருக்கறது எந்தெந்த மதிப்பெல்லாம் எடுக்கும்னு ஒரு நிமிஷம் பாத்துடுங்க.

அடுத்த வகை நுழைவுத் தேர்வுகள்ல அடிக்கடி வரும்.

ச(க) + 2ச(1/க) = 3க, க ≠ 0

இங்க தெரியாத ஆளுங்க ரெண்டு பேரு, ச(க), ச(1/க). ரெண்டு பேர் இருந்து ஈக்வேஷன் ஒண்ணுதான் இருக்குன்னா என்ன பண்ணுவோம், பத்தாம் கிளாஸ்லயே தெரியும், இன்னொரு ஈக்வேஷன் வேணும். அத யாரும் குடுக்க மாட்டாங்க, நாமதான் உண்டாக்கணும், ஆனா புதுசா மூணாவது ஆள் உள்ள வராம உண்டாக்கணும். க எடத்துல 1/க போட்டா, 1/க இருந்த எடம் திரும்ப க ஆயிடுது, அதே ரெண்டு பேர்தான் எடம் மாறி உக்காந்திருக்காங்க:

ச(1/க) + 2ச(க) = 3/க

இத ரெண்டால பெருக்கி மேல இருக்கறத கழிச்சா 3ச(க) = 6/க − 3க, அதாவது ச(க) = 2/க − க. முடிஞ்சுது. இங்க 1/க-வ போட்டது மேஜிக் இல்ல, ரெண்டு தடவ பண்ணா பழைய எடத்துக்கே வந்துடுங்கறதுதான் காரணம். −க, 1−க, 1/க மூணுக்கும் இந்த குணம் உண்டு, அதனால ச(க)-வோட சேத்து ச(1−க) இருந்தா கண்ண மூடிட்டு க எடத்துல 1−க போடலாம்.

சிலது ரெண்டு தடவைல திரும்பாது. ச(க) + ச(1/(1−க)) = க, இங்க க 0-வும் இல்ல 1-ம் இல்ல. இது மாதிரி வந்தா நான் முதல்ல எழுத்த விட்டுட்டு ஒரு நம்பர எடுத்து ஓட்டிப் பாப்பேன். 2-வ எடுத்துக்கோங்க. 1/(1−2) = −1. இப்ப −1-ஐ போட்டா 1/(1+1) = 1/2. அந்த 1/2-ஐ போட்டா 1/(1−1/2) = 2. ஆஹா, மூணாவது தடவ வீடு திரும்பிடுச்சு. அப்ப ஆளுங்க மூணு பேரு, ஈக்வேஷனும் மூணு கெடைக்கும்:

ச(2) + ச(−1) = 2
ச(−1) + ச(1/2) = −1
ச(1/2) + ச(2) = 1/2

ஒண்ணாவதையும் மூணாவதையும் கூட்டி ரெண்டாவத கழிச்சா 2ச(2) = 7/2, ச(2) = 7/4. இதையே 2-க்கு பதிலா க வெச்சு பண்ணா க, 1/(1−க), (க−1)/க ன்னு சுத்தும், விடை ச(க) = ½ [ க − 1/(1−க) + (க−1)/க ]. நம்பர்ல ஒரு தடவ ஓட்டிட்டு வந்தா எழுத்துல கை தானா ஓடும், அதுவும் இல்லாம கடைசில சரிபாக்க 7/4 கைல ரெடியா இருக்கு.

இப்ப ரெண்டு மாறி இருக்கற கணக்கு. இதுலதான் சுவாரஸ்யமே. நான் வழக்கமா போற வரிசை என்னன்னா, முதல்ல ரெண்டுமே 0, அப்பறம் ஒண்ண மட்டும் 0, அப்பறம் ம = க, ம = −க, அதுக்கும் மசியலன்னா க-வையும் ம-வையும் எடம் மாத்திப் பாக்கறது. 0 ஏன் முதல்ல வருதுன்னா, 0 போட்டா உறுப்புங்க செத்துப் போகும், கூட்டல் எல்லாம் சுருங்கிடும், ச(0) என்னங்கற தகவல் கைக்கு வரும், பாதி கணக்கு அதுலயே படுத்துடும். ச(க+ம) + ச(க−ம) = 2க² + 2ம² பாத்தா பெருசா தெரியும், ம = 0 போட்டா 2ச(க) = 2க², அவ்ளோதான், ச(க) = க².

ஆனா இங்க ஒரு விஷயத்த அழுத்தி சொல்லணும். நாம ம = 0 போட்டு கண்டுபிடிச்சது "விடைன்னு ஒண்ணு இருந்தா அது இதுதான்"னு மட்டும்தான் சொல்லுது, இது விடைதான்னு சொல்லல. உதாரணத்துக்கு ச(க+ம) = ச(க) + ம². க = 0 போட்டா ச(ம) = ச(0) + ம², விடை வந்துடுச்சுன்னு தோணும். திருப்பி ஒரிஜினல்ல போடுங்க, க = ம = 1 வெச்சா இடது பக்கம் ச(0) + 4, வலது பக்கம் ச(0) + 2. ஒத்துக்காது. அப்ப இப்படி ஒரு சார்பே கெடையாது, அதுதான் இந்த கணக்கோட விடை. நான் படிக்கறப்ப ஒரு போட்டித் தேர்வுல எல்லாம் சரியா பண்ணிட்டு இந்த சரிபாக்கற வரிய எழுதாம விட்டு மார்க் போச்சு, திருத்தினவர் மேல அப்ப கோவம் வந்துச்சு, இப்ப யோசிச்சா அவர் பண்ணதுதான் நியாயம், அந்த வரி இல்லாம நிரூபணம் பாதிதான்.

பெருக்கல் வர்ற கணக்குல பாதை ரெண்டா பிரியும், ரெண்டையும் பாக்கணும். ச(க+ம) = ச(க)ச(ம) ன்னு வெச்சுக்கோங்க. ரெண்டும் 0 போட்டா ச(0) = ச(0)², அப்ப ச(0) 0 இல்லன்னா 1. அது 0-ன்னா, ம = 0 போட்டதும் ச(க) = ச(க) × 0, மொத்த சார்பும் 0, அந்தப் பக்கம் முடிஞ்சுது. அது 1-ன்னா, ம = −க போட்டா ச(க)ச(−க) = 1, அதாவது ச எங்கயுமே 0 ஆகாது. இன்னும் ஒண்ணு, க-வையும் ம-வையும் ரெண்டையும் க/2 ஆக்கினா ச(க) = ச(க/2)², வர்க்கம், அதனால எப்பவும் பிளஸ். மூணு வரில எவ்ளோ தகவல் பாருங்க!

இதே எடத்துல நல்லா படிக்கற பசங்களே வழுக்கி விழற ஒண்ணு, ச(க)² = க² ன்னு வந்துச்சுன்னா "ஆகவே ச(க) = க அல்லது ச(க) = −க"ன்னு எழுதிடறது. அப்படி இல்ல. ஒவ்வொரு க-வுக்கும் தனித்தனியா பிளஸ்ஸோ மைனஸோ இருக்கலாம், 3-ல பிளஸ்ஸும் 7-ல மைனஸும் இருக்கலாம். அப்படி கலந்து இருக்க முடியாதுன்னு காட்டணும்னா, "ஒரு எண்ல பிளஸ், இன்னொரு எண்ல மைனஸ்"னு வெச்சுட்டு அந்த ரெண்டு எண்ணையும் ஒரிஜினல் ஈக்வேஷன்ல போட்டு முரண்பாடு கொண்டு வரணும்.

எல்லாத்துக்கும் அடியில இருக்கற ஈக்வேஷன் ஒண்ணு, கோஷி ஈக்வேஷன், ச(க+ம) = ச(க) + ச(ம). பிரெஞ்சு கணித மேதை கோஷி 1821-ல எழுதின புக்ல, தொடர்ச்சியான (வரைபடம் எங்கயும் அறுபடாத) சார்புகளுக்கு இத தீர்த்துக் காட்டினாரு. ரெண்டும் 0 போட்டா ச(0) = 0. ம = −க போட்டா ச(−க) = −ச(க). ம = க போட்டா ச(2க) = 2ச(க), அப்படியே ஏறினா முழு எண்கள்ல எல்லாம் ச(க) = க × ச(1). பின்னத்துக்கு, 3/4-ஐ நாலு தடவ கூட்டினா 3, அதனால 4ச(3/4) = ச(3) = 3ச(1), ச(3/4) = (3/4)ச(1). இப்படி விகிதமுறு எண்கள் முழுக்க பிரதியிட்டே ஜெயிக்கலாம். அதுக்கு மேல √2 கிட்ட வந்தா பிரதியிடல் நின்னுடும், எத்தன தடவ கூட்டினாலும் வகுத்தாலும் 1-லேந்து √2-க்கு போக முடியாதே. அங்க தொடர்ச்சியோ, ஏறுமுகம் இறங்குமுகம்னு ஏதாவது ஒண்ணோ கணக்குல குடுத்திருக்கணும், ஏன்னா எதுவும் குடுக்கலன்னா க × ச(1) இல்லாத விசித்திரமான சார்புகளும் இருக்குன்னு 1905-ல ஜெர்மன் கணிதவியலாளர் ஹாமெல் காட்டிட்டாரு. அதனால கேள்வில சார்பகம் முழு எண்ணா, விகிதமுறு எண்ணா, மெய்யெண்ணான்னு பாக்காம பேனா எடுக்காதீங்க.

இது எல்லாம் சேந்து வர்ற அழகான கணக்கு ஒண்ணு போடுவோம். 2019-ல இங்கிலாந்துல பாத் நகரத்துல நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாட்ல முதல் கேள்வியே இதுதான். ச முழு எண்ண எடுத்து முழு எண்ண குடுக்கற சார்பு, எல்லா முழு எண் க, ம-வுக்கும்

ச(2க) + 2ச(ம) = ச(ச(க+ம))

பயமுறுத்தறது வலது பக்கம் இருக்கற ச-வுக்குள்ள ச. அத ஒழிக்கணும். க = 0 போட்டா ச(0) + 2ச(ம) = ச(ச(ம)). பாருங்க, ச-வுக்குள்ள ச இருந்தா அதுக்கு பதிலா என்ன எழுதலாம்னு இப்ப தெரிஞ்சுடுச்சு. இந்த ம சீட்டுல க+ம-வ உக்கார வெச்சா ச(ச(க+ம)) = ச(0) + 2ச(க+ம), ஒரிஜினல்ல வலது பக்கம் இத போட்டுடலாம்:

ச(2க) + 2ச(ம) = ச(0) + 2ச(க+ம)

அடுத்த இடைஞ்சல் ச(2க). ம = 0 போட்டா ச(2க) = 2ச(க) − ச(0). அதையும் உள்ள போட்டு ரெண்டால வகுத்தா ச(க) + ச(ம) = ச(0) + ச(க+ம). கிட்டத்தட்ட கோஷி வந்துடுச்சு, ச(0) மட்டும்தான் ஒட்டிட்டு இருக்கு. ம = 1 போட்டா ச(க+1) − ச(க) = ச(1) − ச(0), வித்தியாசம் எப்பவும் ஒரே நம்பர், அதாவது கூட்டுத் தொடர்வரிசை, முழு எண்கள்ங்கறதால இதோட போதும். ச(க) = பக + ர, ப-வும் ர-வும் மாறிலி.

நிறுத்திடாதீங்க, திருப்பி போடணும். இடது பக்கம் 2ப(க+ம) + 3ர, வலது பக்கம் ப²(க+ம) + பர + ர. ரெண்டும் எப்பவும் சமமா இருக்கணும்னா ப² = 2ப, அதோட 2ர = பர. ப = 0-ன்னா ர-வும் 0, ப = 2-ன்னா ர என்ன முழு எண்ணா வேணா இருக்கலாம். விடை, ச(க) = 0 அல்லது ச(க) = 2க + ர. சரிபாக்கற வேலைய விட்டிருந்தா பக + ர-லயே நின்னுட்டு விடைய கோட்ட விட்டிருப்போம்.

கைல ஒண்ணு போட்டுப் பாருங்க: ச(க) + 2ச(1−க) = க². எத ஒழிக்கணும்னு மேலயே சொல்லிட்டேன். ச(0) = 2/3, ச(1) = −1/3 வந்துச்சுன்னா சரியான வழிலதான் போயிட்டு இருக்கீங்க.