சத்தம் இருக்கிறது, இழுவை இல்லை: வேக்குவம் கிளீனரை நீங்களே சரிபார்ப்பது எப்படி

எங்கள் வீட்டு வேக்குவம் கிளீனருக்கு மோட்டார் போய்விட்டது என்று ஒருமுறை நானே தீர்ப்பெழுதி, பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திருப்புளியைத் தொடக்கூட இல்லை. குழாயைக் கழற்றினார், ஒரு கம்பை உள்ளே விட்டுத் தள்ளினார். மறுமுனையிலிருந்து குழந்தையின் காலுறை ஒன்று வந்து விழுந்தது. மூன்று வாரமாக நாங்கள் வீடெல்லாம் தேடிய காலுறை.

அதன் பிறகு இழுவை குறைந்தால் நான் மோட்டாரை நினைப்பதே இல்லை. காற்று போகும் வழியைத்தான் முதலில் பார்க்கிறேன். அந்த வழியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். திருப்புளி பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் இதைச் செய்யலாம்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது

மோட்டார் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. பல இயந்திரங்களில் அது நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளையும் தாண்டும். அந்த விசிறி உள்ளிருக்கும் காற்றைப் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே இருக்கும் காற்று தரைப்பக்க வாய் வழியாக உள்ளே பாய்கிறது. தூசியைத் தூக்கிக்கொண்டு போவது இப்படி ஓடும் காற்றுதான். எவ்வளவு வலுவான மோட்டாராக இருந்தாலும், காற்று ஓட வழியில்லை என்றால் ஒரு தலைமுடியைக்கூட நகர்த்த முடியாது.

எனவே கோளாறு பெரும்பாலும் இரண்டே வகை: வழியில் எங்கோ அடைப்பு, அல்லது வழியில் எங்கோ ஓட்டை.

எது என்பதைச் சத்தமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். வழக்கத்தைவிடக் கீச்சென்று உச்சத்தில் ஒலித்தால் அடைப்பு. தள்ளுவதற்குக் காற்று குறைந்துவிட்டதால் விசிறிக்குச் சுமை இல்லை, மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. அதுதான் அந்தக் கீச்சொலி. பாவம், மோட்டார் திணறுகிறது என்று நாம் நினைப்போம். உண்மையில் அது வேலையில்லாமல் ஓடுகிறது. சத்தம் வழக்கம்போலவே இருந்து இழுவை மட்டும் குறைந்திருந்தால், எங்கோ காற்று கசிகிறதா என்று தேட வேண்டும்.

வெட்கப்படவைக்கும் காரணங்கள்

எதையும் கழற்றும் முன் கைப்பிடியைப் பாருங்கள். பல மாடல்களில் அங்கே விரலால் நகர்த்தும் சிறிய மூடி ஒன்று இருக்கும். திரைச்சீலை, மெல்லிய விரிப்பு போன்றவற்றைச் சுத்தம் செய்யும்போது துணி ஒட்டிக்கொள்ளாமலிருக்க இழுவையைக் குறைப்பதற்கான வழி அது. திறந்துவிட்டு மறந்துபோனால் காற்று முழுவதும் அந்தத் துளை வழியாகவே உள்ளே போய்விடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் அதையும் பாருங்கள். மின்கலத்தில் ஓடும் இயந்திரம் என்றால், மெதுவான வேகத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா, சார்ஜ் போதுமான அளவு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு தூசிக் கலம். அதில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டித் தூசி நிரம்பியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

உள்ளங்கைச் சோதனை

மொத்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கருவி எதுவும் தேவையில்லை.

குழாயை இயந்திரத்தின் உடலிலிருந்து கழற்றுங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு, குழாய் பொருந்தும் ஓட்டையின் மேல் உள்ளங்கையை வையுங்கள். இரண்டு மூன்று விநாடி போதும். கை நன்றாக ஒட்டிக்கொண்டால் உடல் பகுதிக்கு ஒன்றும் இல்லை. கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. நிறுத்துங்கள், குழாயை மாட்டுங்கள், ஓடவிட்டு அதன் நுனியில் கை வையுங்கள். இங்கே இழுவை குறைந்திருந்தால் கோளாறு குழாயில். குறையவில்லையா? நீளமான தண்டை மாட்டி அதன் நுனியில் பாருங்கள். அங்கேயும் நன்றாக இழுத்தால் மிஞ்சியிருப்பது தரையில் உரசும் தலைப்பகுதி மட்டும்.

முதல் சோதனையிலேயே கை ஒட்டவில்லை என்றால் குற்றவாளி உடலுக்குள் இருக்கிறார்: தூசிப் பை, ஃபில்டர், மூடியின் ரப்பர் வளையம், காற்று வெளியேறும் பக்கம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று.

இனி செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றக்கூடிய மின்கலம் என்றால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

குழாய்

குழாயை நேராகத் தூக்கிப் பிடித்து, மேல்முனையில் ஒரு நாணயத்தைப் போடுங்கள். கீழே வந்து விழுந்தால் பெரிய அடைப்பு இல்லை. வராவிட்டால் இப்போது உள்ளே அடைப்போடு ஒரு நாணயமும் இருக்கிறது; கவலை வேண்டாம், இரண்டும் சேர்ந்தே வரும்.

அடைப்பு பெரும்பாலும் வளைவுகளிலும் இணைப்புகளிலும்தான் நிற்கும். ஒரு கொண்டை ஊசியோ பென்சில் மூடியோ குறுக்காகச் சிக்கிக்கொள்ளும். அதன்மேல் முடியும் நூலும் வந்து படிந்து கட்டியாகிவிடும். முனை மழுங்கிய துடைப்பக் கம்பை இரு முனைகளிலிருந்தும் மாறி மாறி மெதுவாக விட்டுத் தள்ளுங்கள். கம்பியை வளைத்து உள்ளே விடும் யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். நெளிகுழாயின் மடிப்புகள் மெல்லியவை, கம்பி அவற்றைக் குத்திக் கிழித்துவிடும். அடைப்பை நீக்கப்போய் ஓட்டை போட்ட கதையாகிவிடும்.

குழாய்க்குள் மின்கம்பி இல்லாத மாடல் என்றால் தண்ணீர் விட்டுக் கழுவலாம். கைப்பிடியில் ஸ்விட்ச் இருந்தாலோ தலைப்பகுதிக்கு மின்சாரம் போனாலோ தண்ணீர் பக்கமே போகக் கூடாது. கழுவினால் தொங்கவிட்டு, உள்ளே ஈரம் துளியும் இல்லாமல் உலரவிடுங்கள்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும், குழாயை மாட்டிப் பிளக்கைச் செருகி, இயந்திரத்தை ஓடவிட்டபடியே குழாயை அங்கங்கே வளைத்துப் பாருங்கள். விரிசல் உள்ள இடம் சீறும். பார்த்து முடிந்ததும் பிளக்கை மறுபடி பிடுங்கிவிடுங்கள். இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாகச் சுற்றினால் சில வாரம் ஓடும். அதற்குள் புதுக் குழாய் வாங்கிவிடுங்கள்.

ஃபில்டர்

ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1901-இல் தன் உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன், நாற்காலி இருக்கையில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். இருமலோடு நிமிர்ந்தபோது துணியில் தூசி அப்பியிருந்தது. காற்றைப் போகவிடு, தூசியை நிறுத்து: இன்றைய இயந்திரமும் அதே கைக்குட்டைதான். ஆனால் நிறுத்தப்பட்ட தூசி துணியின் துளைகளிலேயே உட்கார்ந்துவிடுகிறது. தூசியைப் பிடிக்கப் பிடிக்கக் காற்றுக்கு வழி குறையும். எனவே ஃபில்டர் அடைபட்டுப்போவது கோளாறே அல்ல, அது தன் வேலையைச் செய்ததற்கான அடையாளம்.

தூசிப் பை உள்ள இயந்திரத்திலும் இதே கதைதான். பை பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று பலர் அதை மாற்றுவதில்லை. மாவு போன்ற நுண்தூசி பையின் துளைகளை அடைத்துவிட்டால், பாதிப் பையும் முழுப் பைதான். காகிதப் பையைத் தட்டி மறுபடி மாட்டாதீர்கள். புதுப் பை போடும்போது அதன் அட்டை வாய் பள்ளத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இனி கழுவும் முறை. கழுவலாமா என்பதை முதலில் ஃபில்டரிலோ கையேட்டிலோ பாருங்கள். பஞ்சு போன்ற நுரை ஃபில்டர்களை அநேகமாகக் கழுவலாம். மடிப்பு மடிப்பாக இருக்கும் காகித ஃபில்டர்களைக் கழுவலாம் என்று எழுதியிருந்தால் மட்டுமே கழுவ வேண்டும். ஹெபா என்று குறிப்பிட்டிருப்பவை 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் அளவுக்கு நுணுக்கமான இழைகளால் ஆனவை. தேய்த்தால் அந்த இழைகள் நாசமாகும்.

கழற்றும் முன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் உள்ளே இருந்தது என்பது திரும்ப மாட்டும்போது நிச்சயம் மறந்துபோகும். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், குப்பைத்தொட்டியின் விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு சூடில்லாத தண்ணீரில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கித் தண்ணீர் போகுமாறு பிடியுங்கள். நுரை என்றால் அழுத்திப் பிழியலாம், முறுக்கக் கூடாது. கையேடு சொல்லாதவரை சோப்பு வேண்டாம். பிழிந்த தண்ணீர் தெளிந்து வரும்வரை விடாதீர்கள். நான்கைந்து முறையாவது ஆகும்.

அடுத்து உலர்த்துவது. எல்லோரும் தவறு செய்யும் இடம் இது, நானும் செய்தேன். மேலே தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. உள்ளே ஈரம். மாட்டி ஓட்டினேன். உள்ளே போன தூசி அந்த ஈரத்தில் குழைந்து சேறாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம், இயந்திரத்தை எப்போது ஓட்டினாலும் வீடெல்லாம் நனைந்த கம்பளி நாற்றம். ஈரம் மோட்டாருக்கும் ஆகாது. எனவே காற்றோட்டமான இடத்தில் 24 மணி நேரம், மழைக்காலமென்றால் 48 மணி நேரம், அவ்வப்போது திருப்பிப்போட்டு உலர்த்துங்கள். முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் காட்டினால் நுரையும் பிளாஸ்டிக் சட்டமும் கோணிப்போகும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் இரண்டாவது ஃபில்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் இல்லாமல் ‘இன்று மட்டும்’ ஓட்டும் யோசனை மட்டும் வேண்டாம். தூசி நேராக மோட்டாருக்குள் போகும்.

மோட்டாருக்கு முன்னால் ஒன்று இருப்பதுபோல், காற்று வெளியேறும் பக்கத்திலும் பல மாடல்களில் ஒரு ஃபில்டர் உண்டு, பின்புறச் சல்லடைக்குள். அதன் இருப்பே பலருக்குத் தெரியாது. முன்பக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், காற்று வெளியேற வழியில்லையென்றால் உள்ளே நுழையவும் முடியாது.

ரப்பர் வளையமும் தூசிக் கலமும்

ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில், விளிம்பை ஒட்டிச் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால், காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். ரப்பர் வளையம் நகர்ந்திருக்கும் அல்லது அதன்மேல் முடி கிடக்கும். ஈரத்துணியால் துடைத்து, விரல் நுனியால் வளையம் முழுவதையும் பள்ளத்தில் அழுத்திவிடுங்கள். காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் வகை என்றால், கலத்தின் நடுவிலுள்ள சல்லடையில் பஞ்சு படிந்திருக்கும். பழைய பல்துலக்கியால் துலக்கினால் வந்துவிடும்.

ஈரமும் உறிஞ்சும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதன் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் நிரம்பினாலோ இயந்திரம் சாய்ந்தாலோ அது மேலே எழுந்து காற்று வழியை அடைத்துவிடும். இழுவை சட்டென்று நின்று சத்தம் ஏறினால், அணைத்து, தொட்டியைக் காலிசெய்து, நிமிர்த்தி வைத்துப் பாருங்கள்.

தலைப்பகுதி

கவிழ்த்துப் பாருங்கள். உருளை பிரஷ்ஷில் முடி கயிறுபோல் சுற்றியிருக்கும். பிரஷ் வரிசைக்கு இணையாகக் கத்தரிக்கோலை ஓட்டி முடியை மட்டும் வெட்டி உருவுங்கள். உருளையின் இரு முனைகளிலும் தாங்கியைச் சுற்றி இறுகியிருப்பதையும் எடுங்கள். இழுவை நன்றாக இருந்தும் உருளை சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கலாம்.

ஓடிக்கொண்டிருந்தது தானாக நின்றால்

பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் உறிஞ்சும் காற்றேதான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. அடைப்பு நீடித்தால் மோட்டார் சூடாகும், காப்பு ஸ்விட்ச் அதை நிறுத்திவிடும். பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். அடைப்பை நீக்காமல் மறுபடி ஓட்டினால் மறுபடியும் நிற்கும். சிமெண்ட், சுவர்ப்பூச்சுத் தூள், சாம்பல் ஆகியவற்றைச் சாதாரண இயந்திரத்தால் உறிஞ்சுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கனல் ஆறாத சாம்பலோ பைக்கே தீ வைத்துவிடும்.

இத்தனையும் செய்த பிறகும், ஃபில்டரும் பையும் சரியாக இருந்தும், உடலின் ஓட்டையில் கை ஒட்டவில்லையா? சத்தம் தாழ்ந்து உறுமுகிறதா, கருகிய வாடையோ மிகையான தீப்பொறியோ தெரிகிறதா? மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அதன் அச்சைத் தாங்கும் பேரிங் போயிருக்கலாம். அதைத் திறக்காதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். போகும்போது உடலை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல் குழாய், தண்டு, தலைப்பகுதி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். நானும் அன்று எல்லாவற்றையும் எடுத்துப் போனதால்தான் காலுறை கிடைத்தது. அதன் ஜோடியை அதற்கு முந்தின வாரம்தான் குப்பையில் போட்டிருந்தோம்.