விட்டுப்போன 200 மீட்டர்: வளரும் நகரில் மிதிவண்டிப் பாதைகளை இணைப்பது எப்படி

வளரும் நகரங்களில் மிதிவண்டிப் பாதைகள் பெரும்பாலும் துண்டு துண்டாகவே உருவாகின்றன. ஆற்றங்கரையைச் சீரமைத்தபோது ஒரு துண்டு, புதிய குடியிருப்புக்கு அனுமதி கொடுத்தபோது ஒரு துண்டு, கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் ஒரு துண்டு என்று சில ஆண்டுகளில் பல கிலோமீட்டர் சேர்ந்துவிடும். ஆனால் அவற்றில் மட்டுமே ஓட்டி வீட்டிலிருந்து பள்ளிக்கோ வேலைக்கோ போய்ச் சேர முடியாது. ஆகவே புதிய பாதைகளின் நீளத்தைக் கூட்டுவதற்கு முன், இருப்பவற்றின் நடுவே விட்டுப்போன இடங்களை அடைப்பதே முதல் வேலை. 3 கிலோமீட்டர் நிம்மதியாக ஓட்டிய பிறகு 200 மீட்டர் மட்டும் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவில் நுழைய வேண்டியிருந்தால், பிள்ளையைத் தனியே அனுப்பலாமா என்று பெற்றோர் முடிவெடுப்பது அந்த 200 மீட்டரை வைத்துத்தான்.

விடுபட்ட இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. அமெரிக்காவின் மினெட்டா போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2012இல் வெளியிட்ட முறை, வாகன வேகம், தடங்களின் எண்ணிக்கை, மிதிவண்டிக்குத் தனி இடம் இருக்கிறதா இல்லையா என்பவற்றைக் கொண்டு தெருக்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: முதல் நிலை சிறுவர்களுக்கும் ஏற்றது, நான்காவது துணிந்தவர்கள் மட்டுமே ஓட்டக்கூடியது. ஒரு வழியின் தரத்தை அதிலுள்ள மிக மோசமான பகுதியே தீர்மானிக்கிறது என்பதுதான் இதன் அடிப்படை. நகர வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் நிலைக்கேற்ற நிறம் கொடுத்து, பிறகு மூன்றாம், நான்காம் நிலைத் தெருக்களை அழித்துவிட்டுப் பாருங்கள். அமைதியான தெருக்கள் தனித்தனித் தீவுகளாகக் கிடப்பதும், பெருஞ்சாலையோ ரயில் பாதையோ கால்வாயோ அவற்றைப் பிரிப்பதும் அப்போது தெளிவாகத் தெரியும். பெரிய இரு தீவுகளைச் சேர்க்கும் சிறிய இணைப்பு எதுவோ, அதுவே பட்டியலில் முதலில் வர வேண்டும். அதற்கு ஒரு பாலமே தேவைப்பட்டாலும் சரி.

வரைபடம் சொல்லாதவற்றை நேரில்தான் பார்க்க வேண்டும். பள்ளி விடும் நேரத்திலும், மழை பெய்யும்போதும், இருட்டிய பிறகும் அந்த வழியில் ஓட்டிப் பாருங்கள். புல்வெளியின் குறுக்கே தேய்ந்து கிடக்கும் ஒற்றையடித் தடம், மக்கள் எந்த வழியை விரும்புகிறார்கள் என்பதை எந்தக் கருத்துக்கணிப்பையும்விட நேர்மையாகச் சொல்லும்.

சிறிய இணைப்பு எவ்வளவு செய்யும் என்பதற்குக் கோபன்ஹேகன் நல்ல சான்று. 2006இல் துறைமுகத்தின் குறுக்கே மிதிவண்டிக்கும் நடப்பவர்களுக்கும் ஒரு பாலம் கட்டப்பட்டது. ஆனால் அதன் ஒரு முனையிலிருந்து மேலே உள்ள சாலையை அடைய, படிக்கட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. 2014இல் ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்தில் வளைந்து செல்லும் ஒரு மேல்பாதை அந்தப் படிக்கட்டுக்கு மாற்றாக வந்தது. ஸ்பெயினின் செவில்லே நகரம் வேறு வழியைப் பிடித்தது: துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல், 2006 முதல் குறுகிய காலத்தில் சுமார் 80 கிலோமீட்டரை ஒரே இணைந்த வலையாகவே கட்டியது. அதற்கு வேண்டிய இடத்தில் பெரும்பகுதி, சாலையோரம் கார் நிறுத்தப் பயன்பட்டதுதான். சில ஆண்டுகளிலேயே மிதிவண்டிப் பயணங்கள் பல மடங்கு பெருகின. ஒரு நகர நிர்வாகத்துக்கு அந்தத் துணிவு இருக்குமானால் இதுவே மேலான வழி என்பது என் உறுதியான கருத்து.

சந்திப்புகளுக்கே அதிகக் கவனம் தேவை. பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் மோதல்கள் நடப்பது பெரும்பாலும் அங்கேதான். பக்கத் தெருவைக் கடக்கும் இடத்தைப் பெருஞ்சாலையின் ஓரத்திலிருந்து ஒரு கார் நீளத்துக்கு உள்ளே தள்ளி அமைத்தால், திரும்பும் ஓட்டுநர் சாலையை மறிக்காமல் நின்று வழிவிட முடியும். அந்த இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, தெருமுனையின் வளைவைச் சுருக்கினால், வாகனங்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். பல தடங்கள் கொண்ட சாலையை ஒரே மூச்சில் கடக்கச் சொல்லாமல், நடுவில் நின்று காத்திருக்க ஒரு மேடைத் திட்டு அமைக்க வேண்டும். மிதிவண்டி சுமார் 1.8 மீட்டர் நீளம் என்பதால் அந்தத் திட்டின் அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. பின்னால் இழுவண்டி பூட்டிவருவோருக்கு 3 மீட்டர் வேண்டும். சிக்னல் இருந்தால், வாகனங்களுக்குச் சில விநாடிகள் முன்பே மிதிவண்டிக்குப் பச்சை விழட்டும்.

இரு திசையிலும் ஓட்டும் பாதைக்கு 3 மீட்டர் அகலம் நல்ல அளவு. நடப்பவர்கள் மிகுந்த இடத்தில் அவர்களுக்குத் தனிப் பாதை வேண்டும். கார் நுழையாமல் நடும் தடுப்புக் கம்பங்களுக்கு இடையே 1.5 மீட்டர் விடாவிட்டால், சரக்கு மிதிவண்டியும் மூன்று சக்கர வண்டியும் வெளியே நின்றுவிடும். வடிகால் மூடிகளைக் குனிந்து பாருங்கள்: அவற்றின் கம்பிகள் செல்லும் திசைக்கு இணையாக இருந்தால், மெல்லிய சக்கரம் இடையில் இறங்கி ஓட்டுபவரைத் தலைகுப்புறத் தள்ளும், குறுக்கே திருப்பிப் பொருத்த அதிகச் செலவாகாது. பாதை சாலையோடு சேரும் இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு நின்றாலும், மழையில் சாய்வாக ஏறும் சக்கரம் வழுக்கும். ஆகவே அதை முற்றிலும் மழுங்கச் செய்ய வேண்டும்.

வழிகாட்டிப் பலகைகளுக்கு, பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம் 1995இல் தொடங்கிய எண் முறையைப் பின்பற்றலாம். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால், நாலைந்து எண்களை நினைவில் வைத்தே நகரைக் கடந்துவிடலாம்.

செலவைக் குறைக்க, மற்றப் பணிகளின் காலஅட்டவணையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். தார் புதுப்பிக்கும்போது கோடுகளை மாற்றி வரைவதும், குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தை மூடும்போது பாதையாக மூடுவதும் தனித் திட்டத்தைவிடச் சிக்கனமானவை. புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கும் விதியிலேயே, முட்டுச்சந்தின் கடைசியில் அடுத்த தெருவுக்குப் போகும் இணைப்பு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று எழுதிவிடுவது இன்னும் நல்லது. வீடுகள் எழும்பிய பிறகு அந்த நிலம் கிடைப்பது அரிது. பாதை இரண்டு நிர்வாகங்களின் எல்லையைத் தாண்டுமானால், குப்பையைக் கூட்டுவது, விளக்கு மாற்றுவது, வேர் தூக்கிய தளத்தைச் சீர்செய்வது ஆகியவை எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை யாருடைய பொறுப்பு என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.