வளர்ந்துவிடுவாள் என்று வாங்கிய சைக்கிளும் பிற தவறுகளும்

கடந்த ஞாயிறு காலை, இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வெளியே ஒரு மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்கிலிருந்து ரசம் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே, சைக்ளோகிராஸ் சைக்கிள் பந்தயத்துக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பம். அப்பா காரின் பின்கதவைத் திறந்து சிறுவர் மவுண்டன் பைக் ஒன்றை இறக்கினார். பையனுக்கு ஆறு அல்லது ஏழு வயது இருக்கும். அவனைத் தூக்கித்தான் இருக்கையில் உட்கார வைத்தார். கால் இரண்டும் தொங்கின. பெருவிரல் நுனிகூடத் தரையில் படவில்லை. “அடுத்த வருடம் சரியாகிவிடும்” என்று மனைவியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே வாக்கியத்தை நான் தமிழில் சொல்லியிருக்கிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: சைக்ளோகிராஸ் இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க நடக்கும். பூங்காவிலோ பண்ணை நிலத்திலோ நாடா கட்டி இரண்டரை, மூன்று கிலோமீட்டருக்கு ஒரு சுற்றுப்பாதை அமைப்பார்கள். புல், சேறு, மணல், படிக்கட்டு, குறுக்குப் பலகை எல்லாம் இருக்கும். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். இங்கிலாந்தின் வட்டார லீகுகளில் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் முதல் தாத்தாக்கள் வரை எல்லோருக்கும் பிரிவு உண்டு. அதனால்தான் வேலைக்காக இங்கே வந்து ஒட்டிக்கொண்ட நாங்கள், குடும்பமாக நால்வரும், ஞாயிற்றுக்கிழமைகளைச் சேற்றில் கழிக்கிறோம். கோடையில் அதே கூத்து, மவுண்டன் பைக்கில்.

ஹெல்மெட் வாரை மாட்டுங்கள், காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன், பாதி நானே செய்தவை.

பெரிய அளவில் சைக்கிள் வாங்குவது

என் மகளுக்கு ஏழு வயதானபோது 24 அங்குலச் சக்கரம் கொண்ட மவுண்டன் பைக் வாங்கினேன். விலை 340 பவுண்டு. கடைக்காரர் 20 அங்குல வண்டியைக் காட்டினார். நான்தான் மறுத்தேன். பள்ளிச் சீருடையை ஓர் அங்குலம் மடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஒருமுறை தையலைப் பிரித்துவிட்டு வளர்ந்தவன் நான். செருப்பில் பஞ்சு வைத்து நடந்தவன். வளரும் பிள்ளைக்கு அளவாக வாங்குவது என் கணக்கில் ஊதாரித்தனம். அன்றிரவு பொள்ளாச்சியிலிருந்து அப்பா தொலைபேசியில் அதை உறுதியும் செய்தார்: “நீ என் சைக்கிளில்தானே கற்றுக்கொண்டாய்?”

உண்மைதான். அவருடைய பெரிய வண்டியின் ஃபிரேமுக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினேன். என் வயது ஒத்த பாதிப் பேர் அப்படித்தான் பழகியிருப்பார்கள். ஆனால் நாங்கள் ஓட்டியது தட்டையான தெருவில். விழுந்தால் மண், எழுந்தால் வீடு. ஈரப்புல் சரிவில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே வளைந்து இறங்க வேண்டிய தேவை எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க ஒரு பந்தயம் தேவைப்பட்டது.

அது அக்டோபர் மாதம். முதல் சுற்றின் பாதியில் ஒரு புல் சரிவு. பெரிய சரிவு ஒன்றுமில்லை, வீட்டு மாடிப்படி அளவுதான் இருக்கும். அடியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நான் நாடாவுக்கு இப்பால் நின்றிருந்தேன். அவள் மேலே வந்ததும் கையைப் பார்த்தேன். பிரேக்கைப் பிடிக்க விரல்களை நீட்டுகிறாள். நடுவிரலின் முதல் கணுதான் எட்டுகிறது. இழுக்க வலுவில்லை. முழுக் கையையும் முன்னே நகர்த்தினால் ஹாண்டில்பார் பிடி விட்டுப்போகிறது. ஒரு நொடி அப்படியும் இப்படியும் தடுமாறி, பிரேக்கை விட்டுவிட்டு ஹாண்டில்பாரை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி நேராக வந்து, நாடாவை அறுத்துக்கொண்டு, மரக்குச்சியை முறித்துக்கொண்டு, என் காலடியில் விழுந்தது. மணிக்கட்டில் சுளுக்கு, முழங்கையில் சிராய்ப்பு. எலும்பு தப்பியது. அழவில்லை. “அப்பா, நிறுத்த முடியவில்லை” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எந்தச் சைக்கிளையும் தொடவில்லை. தம்பி மூன்று சக்கர வண்டியில் சுற்றும்போது இவள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு ஆண்டு கழித்து அந்த 24 அங்குல வண்டியை 150 பவுண்டுக்கு விற்றேன். அது அவளுக்கு அளவாக இருந்திருக்கும் வயது வந்தபோது அதன் நிறமே அவளுக்குப் பிடிக்காமல் போயிருந்தது.

இன்னமும் எரிச்சல் வருகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். பிள்ளையை வயதை வைத்து அளக்காதீர்கள், மொத்த உயரத்தை மட்டும் வைத்தும் அளக்காதீர்கள். வெறுங்காலோடு சுவரை ஒட்டி நிற்க வைத்து, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேல்வரை தள்ளி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். வண்டியின் இருக்கையை முழுவதும் இறக்கினால் அதன் உயரம் இந்த அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அடுத்து பிரேக். பிடியை விடாமல் இரண்டு விரல்களால் இழுத்துச் சக்கரத்தைச் சுழலாமல் நிறுத்த முடிகிறதா என்று கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான பிரேக் பிடிகளில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் திருகினால் பிடி ஹாண்டில்பாரை நோக்கி உள்ளே வரும். இந்தத் திருகைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாவது, எடை. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், அதாவது அதிர்வு தாங்கும் ஸ்பிரிங், வைத்த மலிவான சிறுவர் வண்டி 13 கிலோ சுலபமாக வரும். ஏழு வயதுப் பிள்ளையின் எடை 23 கிலோ என்று வையுங்கள். எழுபது கிலோ ஆள் ஒருவர் நாற்பது கிலோ வண்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் படியேறுவதற்குச் சமம் அது. பார்க்க மோட்டார் சைக்கிள் போல இருக்கும் அந்த ஸ்பிரிங் எதுவும் பிள்ளையின் எடைக்கு அமுங்கப்போவதும் இல்லை. ஸ்பிரிங் இல்லாத, எட்டு கிலோ அளவிலான சாதாரண வண்டி போதும். நல்ல சிறுவர் வண்டிகள் புதிதாக வாங்கினால் விலை அதிகம்தான். பழையதாக வாங்குங்கள், இரண்டு பருவம் ஓட்டியதும் கிட்டத்தட்ட அதே விலைக்கு விற்றுவிடலாம். ஒவ்வொரு லீகிலும் நான்கைந்து குடும்பங்களுக்கு இடையே ஒரே வண்டி கைமாறிக்கொண்டே இருக்கும். என் மகன் ஓட்டிய 20 அங்குல வண்டி எங்களுக்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பார்த்தது, இப்போது ஐந்தாவது பிள்ளையிடம் இருக்கிறது. சிக்கனம் என்று நான் நினைத்ததைவிட இதுதான் சிக்கனம்.

கார் நிறுத்துமிடத்து அப்பாவிடம் போய்ப் பேசினேன். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் ஆலன் சாவியால் பிரேக் பிடியை உள்ளே கொண்டுவந்தேன், இருக்கையைக் கடைசிவரை இறக்கினேன். அப்போதும் எட்டவில்லை. “சரிவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்” என்று பையனிடம் சொன்னேன். அப்பாவுக்கு என் தலையீடு பிடிக்கவில்லை. பையன் தலையாட்டினான்.

முதல் மாதமே சைக்ளோகிராஸ் வண்டி வாங்குவது

வளைந்த ஹாண்டில்பாரும் ஒல்லி டயரும் கொண்ட அந்தத் தனி வண்டி தேவையில்லை. வட்டாரப் பந்தயங்களில் மவுண்டன் பைக்கில் தாராளமாக ஓடலாம். டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்ற விதி உயர்மட்டப் போட்டிகளுக்கானது. ஹாண்டில்பாரின் இரு முனைகளில் கொம்பு போல நீட்டிக்கொண்டிருப்பவற்றை மட்டும் கழற்றிவிடுங்கள், அடுத்தவரைக் குத்தும். யார்க்ஷயரில் 1961 முதல் நடக்கும் த்ரீ பீக்ஸ் பந்தயம் இதற்கு விலக்கு. மூன்று மலைகள், சுமார் 61 கிலோமீட்டர், வளைந்த ஹாண்டில்பார் வண்டி மட்டுமே. அதற்கு உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

கல் போலக் காற்றடிப்பது, பிறகு பஞ்சு போல இறக்குவது

சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் சாலைக்கு அடிப்பது போலவே அடித்துவிட்டு வருவார்கள். ஈரப்புல்லில் அந்த டயர் எதையும் பற்றாது. சாய்வான பக்கச் சரிவில் வண்டி அப்படியே பக்கவாட்டில் நழுவும். முதல் பருவத்தில் நான் அறுபது பிஎஸ்ஐ (பம்பின் முள் காட்டும் காற்றழுத்த அளவு) வைத்து ஓட்டினேன். ஒரு சுற்றுக்கு மூன்று முறை விழுந்துவிட்டுச் காலணியையும் சேற்றையும் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் யாரோ பெரிய வீரர் இருபதுக்குக் கீழே வைக்கிறார் என்று கேள்விப்பட்டு இவர்களே பதினெட்டுக்கு இறக்குவார்கள், உள்ளே ட்யூப் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு. முதல் மரவேரிலேயே ட்யூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். லீட்ஸில் பிறந்த டாம் பிட்காக் 2024 பாரிஸ் ஒலிம்பிக் மவுண்டன் பைக் பந்தயத்தில் முன்சக்கரம் பஞ்சரானபின் தங்கம் வென்றார். அவருக்குச் சக்கரத்தை மாற்றிவிட ஆள் இருந்தார். உங்களுக்காகக் காத்திருப்பது ஒன்றரைக் கிலோமீட்டர் நடை.

என் எடை 72 கிலோ. 33 மில்லிமீட்டர் டயரில் ட்யூப் இருந்தால் 32, ட்யூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் பால் போன்ற திரவம் ஊற்றிய டயர் என்றால் 25 அல்லது 26. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. எண்ணைவிட முக்கியம், எப்போதும் ஒரே பம்பைப் பயன்படுத்துவது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒரு பம்பின் முள் சொல்வதை இன்னொன்று ஒப்புக்கொள்ளாது.

அம்மா அப்பா இருவரும் ஒரே நேரத்தில் ஓடுவது

பெயர் கொடுப்பதற்கு முன் நேர அட்டவணையைப் பாருங்கள். பல லீகுகளில் பெண்களையும் ஐம்பதைக் கடந்த ஆண்களையும் ஒரே நேரத்தில், ஓரிரு நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள். எனக்கு ஐம்பது ஆன பருவத்தில் இதைக் கவனிக்கவில்லை. மகள் தோழி வீட்டில். பந்தய நடுவே பழுதானால் எடுத்துக்கொள்ளும் மாற்று வண்டி, இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு பழைய மவுண்டன் பைக். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒன்பது வயது மகன், இரண்டு குளிர்ச்சட்டை தோளில், மழை வேறு. இரண்டாவது சுற்றில் எனக்குக் கியர் சிக்கியது, மாற்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மூன்றாவது சுற்றில் என் மனைவி அறுந்த செயினோடு ஓடி வந்து நின்றபோது பையனிடம் இருந்தது சேறு அப்பிய என் வண்டி மட்டும். “அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார் அம்மா” என்றானாம். வீட்டுக்குத் திரும்பும் ஐம்பது நிமிடமும் காரில் வானொலி மட்டும்தான் பேசியது.

இப்போது நான் ஒரு வாரம், அவர் ஒரு வாரம்.

வயதுப் பிரிவு

பருவம் புத்தாண்டைத் தாண்டுவதால், அடுத்த ஆண்டு எந்தப் பிரிவோ அதில்தான் இந்த அக்டோபரிலேயே ஓட வேண்டும். வாசலில் நின்று வாதாடாதீர்கள்.

தண்ணீர்க் குடுவைத் தாங்கி

கழற்றிவிடுங்கள். தோளில் வண்டியைப் போடும்போது விலாவில் குத்தும்.

“எத்தனையாவது வந்தாய்?”

நம் வீடுகளில் மதிப்பெண் அட்டை வந்ததும் வரும் கேள்வி, பந்தயக் கோட்டிலும் வந்துவிடுகிறது. சைக்ளோகிராஸ் நேரத்தை வைத்து ஓடுவது. முதலாவதாக இருப்பவர் முடித்ததும், பின்னால் வருபவர்கள் அந்தச் சுற்றோடு நின்றுகொள்வார்கள். எங்கள் லீகில் ஒரு சுற்று, இரண்டு சுற்று பின்தங்கியவர்களையும் யாரும் வெளியேற்றுவதில்லை. உங்கள் பிள்ளை யாரையாவது துரத்திக்கொண்டே இருப்பான், அவனுக்கு அது போதும். அவன் எத்தனையாவது என்று அவனுக்கே தெரியாது. நீங்கள் கேட்டால்தான் தெரிந்துகொள்வான்.

நாடாவோரமாகக் கூடவே ஓடிக்கொண்டு “பெடல் போடு, பெடல் போடு” என்று கத்தும் பெற்றோரையும் பார்க்கிறேன். பிள்ளை வழியைப் பார்க்காமல் அப்பாவைப் பார்க்கும். வழியில் மரம் இருக்கும்.

பீய்ச்சுக் குழாய்

சேற்றைக் கழுவுவதற்கு மைதானத்தில் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சும் எந்திரம் வைத்திருப்பார்கள். டயர், ஃபிரேம் இரண்டிலும் அடியுங்கள். சக்கரத்தின் அச்சிலும், பெடல்கள் சுழலும் அச்சிலும் பக்கவாட்டில் நேராக அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி, மண்ணும் நீரும் குடியேறும். இரண்டு வாரத்தில் காப்பிக்கொட்டை அரைப்பது போன்ற ஓசை கேட்கும். ஒரு குளிர்காலத்தில் இப்படி மூன்று பேரிங் மாற்றினேன். வாளியும் தூரிகையும் போதும்.

உடை

தொடக்கக் கோட்டில் குளிராமல் இருந்தால் நீங்கள் அதிகம் உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். இந்தியாவிலிருந்து வந்த நமக்கு இதை நம்பவே இரண்டு பருவம் ஆகும். உண்மையான குளிர், பந்தயம் முடிந்த பிறகுதான் வரும், நனைந்த உடம்பில். ஆளுக்கு ஒரு பை, உள்ளாடை முதல் காலுறைவரை உலர்ந்தது, பெயர் எழுதி. மேலே நின்று உடை மாற்ற ஒரு பழைய கால்மிதி. ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கலாக.

சேற்றுத்துணி

காரின் பின்பெட்டியில் மறந்துவிடாதீர்கள். புதன்கிழமையே அது தானாக நினைவூட்டும்.