தாழ்ந்த கூரைக்கு எந்த கார் லிஃப்ட்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் வீட்டுப் போர்ச்சில், காரைத் தூக்கி வைத்து வேலை பார்க்க லிஃப்ட் வைக்கப் போகிறீர்களா? முதலில் உயரத்தை அளந்து பாருங்கள், கூரைத் தகரம் வரைக்கும் இல்லை, அதற்குக் கீழே தொங்கும் உத்திரமோ விளக்கோ எது தாழ்வோ அதுவரை. மைவி கார் சுமார் 5 அடி உயரம், கூரை 9 அடி என்றால் 4 அடிகூடத் தூக்க முடியாது, பின்கதவைத் திறந்தால் இன்னும் குறையும். இரண்டு தூண் லிஃப்ட் வேண்டாம், பெரும்பாலும் 11, 12 அடி கேட்கும். கத்தரிபோல் மடிந்து விரியும் கத்தரி லிஃப்ட்தான் சரி. டயர், பிரேக் வேலைக்கு அருமை, கியர்பாக்ஸ் இறக்கும்போது மட்டும் அதன் இரும்புச் சட்டமே நடுவில் மறைக்கும். அப்புறம் தரை. பழைய சிமெண்டுப் பூச்சை நம்பாதீர்கள், ஓரத்தில் துளையிட்டு கான்கிரீட் கனத்தைப் பார்த்து, லிஃப்டின் கையேடு கேட்கும் அளவு இருந்தால் மட்டும் வாங்குங்கள். லிஃப்டின் பாதுகாப்புப் பூட்டு விழும் 'டக்' சத்தம் கேட்காமல் காருக்கு அடியில் போகவே கூடாது.