நின்றே கெட்டுப்போகும் பிரேக்: செட்டிநாட்டுக் கார் கொட்டகையில் ஒரு எம்ஜிபி

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் கார் கொட்டகைகளில் இருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பிரேக் பெரும்பாலும் ஓடித் தேய்ந்து கெட்டதல்ல; நின்றே கெட்டது. கல்யாணம், சாந்தி, படைப்பு என்று பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வந்து கூடும் நாட்களில் வண்டியை வெளியே தள்ளி, பேட்டரி மாற்றி, பெட்ரோல் ஊற்றி, காரைக்குடி வரை ஒரு சுற்றுப் போய்வந்து மறுபடி உள்ளே விட்டுவிடுவார்கள். இஞ்சின் ஓடினால் வண்டி நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கை எப்படியோ எல்லோருக்கும் வந்துவிடுகிறது. ஓராண்டு நின்ற வண்டியில் முதலில் கைவிடக்கூடியது பிரேக்தான்; அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் கைவிடும். ஆகவே பெரிய டிஸ்க், நான்கு பிஸ்டன் காலிப்பர் (பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) என்றெல்லாம் யோசிப்பதற்கு முன்னால், ஆலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குப் பிரேக்கைத் திரும்பக் கொண்டுவருவதே முதல் வேலை. அதைச் செய்து முடித்தவர்களில் பலருக்கு மேம்பாடு என்று தனியாக அதிகம் தேவைப்படாது என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டாக 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபி காரை வைத்துக்கொள்வோம். முன்னால் 10.75 அங்குல டிஸ்க், பின்னால் 10 அங்குல டிரம், எல்லாம் லாக்ஹீட் நிறுவனத்தின் அமைப்பு. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவருக்கும் அளவுகளும் சில பாகங்களும் மாறுமே தவிர வேலையின் வரிசை மாறாது.

வேலை செய்யும் தரையை முதலில் பார்த்துக்கொள்ளவும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜாக்கியையும் ஸ்டாண்டையும் நேரடியாக நிறுத்தினால் முழு எடையும் சின்னஞ்சிறு இடத்தில் இறங்கிக் கல் விரிசல் விட்டுவிடும். அந்த வண்ணமும் பூவேலையும் அப்படியே ஒத்துப்போகும் மாற்றுக் கல் கிடைப்பது எளிதல்ல. கொட்டகை செம்மண் தரையானால், மழைக்குப் பிறகு ஸ்டாண்டின் கால் ஒரு பக்கம் புதைந்து வண்டி சரியும். இரண்டு இடத்திலும் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான தேக்குப் பலகை போடுவது நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் படுக்கக்கூடாது.

டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸரால் தூசியை ஊதும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பழைய லைனிங்கில் (டிரம்மை உரசும் ஷூக்களில் ஒட்டியிருக்கும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

முன்சக்கரத்தில் தொடங்கலாம். பேடை எடுத்த பின், காலிப்பர் பிஸ்டனின் வெளித்தெரியும் விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பார்க்கவும். குரோம் பூச்சில் குண்டூசி முனையளவு பள்ளம் தட்டுப்பட்டால் அந்தப் பிஸ்டனுக்கு எமரி போடுவதில் பயனில்லை. பூச்சு உரிந்த இடத்தில் துரு மேலும் வளர்ந்து புதுச் சீலையும் அறுத்துவிடும். எவர்சில்வர் பிஸ்டன்கள் கிடைக்கின்றன, அவற்றையே போடலாம். உண்மையில் நின்று கிடக்கும் வண்டிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மேம்பாடு இதுதான். காலிப்பரின் இரு பாதிகளையும் தேவையில்லாமல் பிரிக்க வேண்டாம். பிரிக்காமலேயே பிஸ்டன்களை எடுத்துச் சீல் மாற்ற முடியும்.

டிஸ்க் புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ 9 மி.மீ. கனம்தான். லேத்தில் கொடுத்துச் சீவினால் மிஞ்சுவது சொற்பம். வெளிவிளிம்பில் வரப்பு எழும்பியிருந்தால் புது டிஸ்க்கே வாங்கிவிடலாம். இந்த வண்டியில் டிஸ்க், சக்கரம் மாட்டும் மையப் பாகமான ஹப்பின் உட்புறத்தில் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருப்பதால் ஹப்பையே கழற்ற வேண்டியிருக்கும். கழற்றும்போது பேரிங்குக்கு முன்னால் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை ஒன்றுவிடாமல் எடுத்துக் கிண்ணத்தில் வைக்கவும். திரும்பப் பூட்டும்போது ஹப்பின் முன்பின் ஆட்டம் 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் நிற்கும்படி அந்த ஷிம்களைக் கொண்டுதான் சரிசெய்ய வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லும் மெக்கானிக்கிடம் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. ஹப் ஆடினால் டிஸ்க்கும் ஆடும், பேடைப் பின்னுக்குத் தள்ளும். ஓட்டுபவருக்கோ பெடல் ஆழமாக இறங்குவது மட்டுமே தெரியும், அவர் பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

பின்சக்கரத்தில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் திறக்கவும். ஸ்பிரிங் எந்தத் துளையில் எப்படி மாட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால் திறக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஷூவில் ஈரம் தெரிந்தால் அது வீல் சிலிண்டர் (ஷூக்களைத் தள்ளும் சிறு சிலிண்டர்) கசிவா, ஆக்ஸில் சீலைத் தாண்டி வந்த கியர் ஆயிலா என்று முகர்ந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம். கியர் ஆயிலின் கந்தக வாடை தனி. ஆக்ஸில் சீலை மாற்றாமல் புது ஷூ போடுவது வீண் செலவு. ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டித்தரும் கடைகள் மதுரையிலும் திருச்சியிலும் உண்டு. இரு சக்கரத்துக்கும் ஒரே ரக லைனிங் ஒட்டச் சொல்லவும். வீல் சிலிண்டரைப் பொறுத்தவரை, கப் கிட் (உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள்) மட்டும் மாற்றுவதா, முழுசாக மாற்றுவதா என்பதை உட்சுவர்தான் முடிவுசெய்யும். டார்ச் அடித்துப் பார்க்கும்போது சுவர் கண்ணாடியாக இருந்தால் கிட் போதும். கரும்புள்ளியோ குழியோ இருந்தால் புதியது வாங்க வேண்டும், அல்லது நல்ல லேத் பட்டறையில் எவர்சில்வர் ஸ்லீவ் இறக்க வேண்டும்.

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் ஒரு கேட்டை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். கழற்றிய பாகங்களையெல்லாம் ஒரே தட்டில் போட்டு மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அலசுவது வழக்கம். இரும்புக்கு அதனால் ஒன்றுமில்லை. பிரேக் சீல் ரப்பருக்கோ அது நஞ்சு. மண்ணெண்ணெய் பட்ட கப், சில நாளில் ஊறிப் பருத்து, கையில் எடுத்தால் கொழகொழவென்றிருக்கும்; அதன் உதடு மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பிப் போகும் சிறு துளையை மூடிவிடும். வண்டி கிளம்பும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சில கிலோமீட்டர் போனதும் அழுத்தம் விடுபடாமல் பேடு டிஸ்க்கை உரசி, உரச உரசச் சூடேறி, சூட்டில் ஆயில் விரிந்து, கடைசியில் நான்கு சக்கரமும் தானாகவே பிடித்துக்கொள்ளும். பிரேக் பாகங்களைப் புது பிரேக் ஆயிலாலோ ஸ்பிரிட்டாலோ மட்டுமே கழுவ வேண்டும். ரப்பரில் சாதாரண கிரீஸும் தடவக்கூடாது. ஒருமுறை மண்ணெண்ணெய் உள்ளே போயிருந்தால் ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்றுவது தவிர வழியில்லை.

ரப்பர் ஹோஸ்களை வெளித்தோற்றத்தை வைத்து எடைபோட வேண்டாம். உட்சுவர் வீங்கிய ஹோஸ் ஒருவழிக் கதவாக மாறிவிடும்: மிதிக்கும்போது ஆயில் உள்ளே போகும், விட்டால் திரும்பாது. சக்கரம் இறுகி நிற்கும்போது அதன் பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) திறந்து பார்க்கவும். சட்டென்று சக்கரம் விடுபட்டால் அழுத்தம் எங்கோ தேங்கியிருக்கிறது என்று பொருள். இன்னொரு முறை இறுகும்போது ஹோஸுக்கு மேல்பக்க இணைப்பைத் தளர்த்தவும். அப்போதும் விடுபடவில்லை என்றால் குற்றவாளி ஹோஸ்தான். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லையானால் பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகத் தாமிர-நிக்கல் கலவைக் குழாய் போடலாம்; அது துருப்பிடிக்காது, வளைப்பதும் எளிது. நட்டுகளின் மரையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இந்த வண்டியின் மரை 3/8 அங்குல யு.என்.எஃப். என்ற அங்குல அளவு வகை; இன்றைய கார்களின் 10 மி.மீ. நட்டு பார்வைக்கு அதே போலிருக்கும், ஓரிரு சுற்று ஏறவும் செய்யும், பிறகு வலுக்கட்டாயமாக முறுக்கினால் சிலிண்டரின் மரையையே தின்றுவிடும்.

இனி மேம்பாடு. 1960களின் வண்டியாக இருந்தால் பெரும்பாலும் ஒரே சர்க்யூட்தான், அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. எங்கே ஒரு குழாய் விட்டாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், மிஞ்சுவது கைபிரேக் மட்டுமே. அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் 1968 மாடலிலிருந்தே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சர்க்யூட் வந்துவிட்டது. பணம் செலவழிக்க மனமிருந்தால் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்குச் செலவழிக்கவும். பெடல் பாக்ஸையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் வேலை சிறியதல்ல. மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் சர்வோ பொருத்தினால் கால் வலிக்காது, அவ்வளவுதான். வண்டி நிற்கும் தூரத்தை அது தானாகக் குறைத்துவிடாது, ஏனென்றால் டயரின் பிடிப்பு மாறவில்லை. எம்ஜிபி ஜிடி வி8 மாடலின் கனமான டிஸ்க்கும் காலிப்பரும், நான்கு பிஸ்டன் கிட்டும் பொருத்தலாம். கொடைக்கானல் மலைப்பாதையில் அடிக்கடி இறங்குபவருக்கு அவை உதவும், சூடேறிப் பிரேக் தளர்வது குறையும். ஆனால் கானாடுகாத்தானிலிருந்து தேவகோட்டை வரை சமதரையாகக் கிடக்கும் நம் பூமியில் பிரேக் அந்த அளவுக்குச் சூடாக வேண்டிய தேவை அபூர்வம். இங்கே வேண்டியது, திடீரென்று குறுக்கே வரும் ஆட்டுக்கு முன்னால், ஆறிய நிலையிலேயே உடனே பிடிக்கிற பேடுதான். பந்தயத்துக்கான பேடுகள் சூடான பிறகுதான் கடிக்கும். தெருவில் ஓடும் வண்டிக்கு அவை ஆபத்து. பெரிய காலிப்பர் வாங்குமுன் 14 அங்குலக் கம்பிச் சக்கரத்துக்குள் அது அடங்குமா என்றும், இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் அதன் பிஸ்டன்களை நிரப்புமா என்றும் விசாரிக்கவும்.

இன்னொன்று: 50 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களையும் இருசக்கர வண்டிகளையும் விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடம் தரப்பட்டது. மூல வடிவம் கெடாமல் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆகவே எதையும் வெட்டாமல், துளை போடாமல், போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றங்களையே செய்து, கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

பிரேக் ஆயில் விஷயத்தில் டாட் 4 என்ற தரம் போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் 155 டிகிரி வரை இறங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிய கொட்டகைக்குள் நிற்கும் வண்டி ஓடாவிட்டாலும் அதன் ஆயில் ஈரத்தைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும், அந்த ஈரம்தான் சிலிண்டருக்குள் துருவாகிறது. சிலிகான் வகையான டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது, பெயின்ட்டையும் கெடுக்காது. ஆனால் பழைய ஆயிலோடு கலக்கக்கூடாது, பெடல் சற்று மெத்தென்றிருக்கும், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் லைட் ஸ்விட்சுகள் அதில் சீக்கிரம் பழுதாவதும் உண்டு. டாட் 4 ஊற்றி ஆண்டுதோறும் தை மாதத்தில் மாற்றிவிடுவதையே நான் விரும்புவேன். பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவும்.

குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்கும் முன் பின்சக்கர ஷூவைச் சரிசெய்துவிட வேண்டும். பின்தகட்டில் இருக்கும் சதுரத்தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் இறுகும் வரை வலப்பக்கம் திருப்பி, பிறகு சக்கரம் தாராளமாகச் சுற்றும் அளவுக்குப் பின்வாங்கவும். அதன் பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு எட்ட இருக்கும் சக்கரத்தில் தொடங்கி அருகே வரவும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை, பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்.

“தம்பி, மெதுவா மிதிச்சுப் பிடி.”

“பிடிச்சுட்டேண்ணே.”

இந்தப் பதில் காதில் விழுந்த பிறகே நிப்பிளைத் திறக்க வேண்டும். மூடிய பிறகே “விடு” என்று சொல்ல வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாக இருந்தால் பெடலைத் தரைவரை மிதிக்க விட வேண்டாம். பிஸ்டன் அதுவரை போகாத கோடிப் பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். சீலின் உதடு அங்கே போய்த் திரும்பினால் கிழிந்துவிடும். பெடலுக்குக் கீழே ஒரு கட்டையை வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. எல்லாம் முடிந்ததும் பெடலில் ஏறத்தாழ 3 மி.மீ. விளையாட்டு (அழுத்தம் ஏறுமுன் சும்மா நகரும் தூரம்) இருக்கிறதா என்று பார்க்கவும்.

புதுப் பேடைப் பழக்குவதற்கு, காலையில் ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் பள்ளத்தூர்ப் பக்கச் சாலை ஏற்றது. 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை நிதானமாகக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடியும் அதையே பலமுறை செய்யவும். இடையில் முழுசாக நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே நிற்க வேண்டாம். வீடு திரும்பியதும் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கவும். சிறு ஈரம் தெரிந்தாலும் அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்கக்கூடாது.

மறுபடி கொட்டகையில் விடும்போது கைபிரேக்கை இழுத்து வைக்காமல், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து நிறுத்தவும். மாதக்கணக்கில் இழுத்த நிலையில் இருந்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், மாதம் ஒருமுறை பெடலைப் பத்துப் பன்னிரண்டு தடவை மிதித்து, வண்டியை முன்னும் பின்னும் நான்கு அடி தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுப் போகவும்.