எக்ஸ்பியில் தமிழ் உடையாமல் தெரிய

யாழ்ப்பாணத்துப் பிரதிபண்ணும் கடைகளில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்குச் செய்து சரிப்பட்ட முறை இது. யுனிகோட் (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) தமிழில் "கொ" என்பது முதலில் க, அதன்பின் கொம்பும் காலும் எனத் துண்டுதுண்டாகத் தெரிந்தால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. எழுத்துகளைச் சேர்க்கும் கோப்புகளே ஏற்றப்படவில்லை.

கொன்ட்ரோல் பனலில் ரீஜனல் அன்ட் லாங்வேஜ் ஒப்ஷன்ஸ், அதில் லாங்வேஜஸ். அந்தக் கோப்புகளை ஏற்றக் கீழே இரண்டு பெட்டிகள். முதலாவதில் மட்டும் சரி போடுங்கள். 10 எம்பி அளவு போதும். இரண்டாவது சீன, யப்பானிய மொழிகளுக்கு. 230 எம்பி பிடிக்கும், தமிழுக்கு உதவாது.

அப்ளை அழுத்தியதும் எக்ஸ்பி சீடியைக் கேட்கும். இங்கேதான் பலர் நிற்கிறார்கள். சீடியிலுள்ள ஐ386 கோப்புறையை முன்பே டி டிரைவில் பிரதிபண்ணி வைத்து, பிரவுஸ் கொடுத்து அதைக் காட்டுங்கள். ஸ்கிப் அழுத்தவே கூடாது, வேலை அரைகுறையாகிவிடும். பிறகு ரீஸ்டார்ட்.

எக்ஸ்பி தரும் தமிழ் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் முறை (இந்திய மொழிகளுக்கான பொது விசை அமைப்பு). பாமினியில் (யுனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு, அதற்கெனத் தனி விசை அமைப்பு உண்டு) பழகிய கைக்கு அது சரிவராது. இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி அமைப்பைத் தெரிவு செய்வது நல்லது.

பழைய பாமினி ஆவணம் "jkpo;" போல ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் அது வேறு கோளாறு: பாமினி எழுத்துருவை விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையில் போட்டால் போதும்.