கார்ப்பரேட் பைலட் ஆவது எப்படி: குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அடியிலிருந்து

நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போக வேண்டும், இல்லையென்றால் தூத்துக்குடி வாகைக்குளம். அதனாலோ என்னவோ, பைலட் என்றாலே நம் வீடுகளில் இண்டிகோவும் ஏர் இந்தியாவும்தான் நினைவுக்கு வருகின்றன. இன்னொரு பிரிவு இருக்கிறது. தொழில் நிறுவனங்கள் வைத்திருக்கும் சொந்த விமானங்களையும் வாடகை விமானங்களையும் ஓட்டுபவர்கள், அதாவது கார்ப்பரேட் பைலட்டுகள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் அம்மா கேட்டபோது இப்படிச் சொன்னேன்: விமான நிறுவனப் பைலட் அரசு பஸ் டிரைவர் மாதிரி. நேரம் குறித்த பலகை இருக்கும், டிப்போ இருக்கும், கண்டக்டர் இருப்பார். கார்ப்பரேட் பைலட் கன்னியாகுமரியில் நிற்கும் சுற்றுலா வேன் டிரைவர் மாதிரி. டீசல் போடுவது, பெட்டி ஏற்றுவது, வழி பார்ப்பது, ஆள் வரும்வரை காத்திருப்பது எல்லாம் அவரே. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அதற்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று அடுத்த கேள்வியும் வந்தது. செலவைப் பற்றிப் படி 3-ல் சொல்கிறேன்.

படி 1: உடம்பைக் காட்டுங்கள், பிறகு பணத்தைக் காட்டுங்கள்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டிய பிறகு மருத்துவச் சோதனையில் ஏதாவது தட்டினால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதே தனிப் போராட்டம். முதலில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், சுருக்கமாக டிஜிசிஏ, அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சோதனை. அது தேறியதும் காத்திராமல் முதல் வகுப்புச் சோதனை. தொழில்முறை உரிமத்துக்கு அதுதான் தேவை. நமக்கு வசதியான மையம் பெங்களூரில் இருக்கும் விமானப் படையின் மருத்துவக் கழகம்.

கண்ணாடி போட்டவர்களுக்குக் கதவு அடைத்துவிட்டது என்பது பழைய வதந்தி. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறப் பார்வைக் குறைபாடு அப்படியல்ல. புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்லும் சோதனையை இப்போதே ஒரு கண் மருத்துவரிடம் செய்து பாருங்கள்.

படி 2: இனிஷியல் என்னும் பூதம்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வணிகவியல் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எழுதிக்கொள்ளலாம். உரிமம் வாங்க வயது 18 நிறைந்திருக்க வேண்டும். மாணவர் உரிமத்துக்கு 16 போதும்.

இனி ஆவணங்கள். தேர்வு எழுத டிஜிசிஏ ஒரு கணினி எண் தரும். அதற்கு உங்கள் மதிப்பெண் பட்டியல் உண்மையானதுதான் என்று தேர்வு வாரியம் உறுதி செய்ய வேண்டும். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய சில விமானிகள் பிடிபட்டார்கள். அதனால் இந்தக் கெடுபிடியில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் இனிஷியலைப் பற்றியது. மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், ஆதாரில் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. நீங்கள் மூன்றிலும் பெயரை இன்றே ஒன்றாக்குங்கள்.

படி 3: பணம்

இந்தியாவில் பயிற்சிக்கு மட்டும் அரைக் கோடி ரூபாய் அளவில் ஆகும். வங்கிகள் கல்விக் கடன் தரும், ஆனால் இவ்வளவு பெரிய தொகைக்கு ஈடு கேட்கும். நம் பக்கம் அது பெரும்பாலும் ரப்பர் தோட்டமோ வீடோதான். ஒன்றை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: உரிமம் கையில் வந்த மறுநாளே வேலை வராது. ஓராண்டாவது சம்பளம் இல்லாமல் வட்டி கட்ட முடியுமா? முடியாது என்றால் தோட்டத்தைத் தொடாதீர்கள்.

படி 4: பாடங்கள்

வான்வழி செலுத்தல் (நேவிகேஷன்), வானிலையியல், விமான விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகியவை எழுத்துத் தேர்வுகள். தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கு ஆர்டிஆர் என்ற தனிச் சான்று. விதிகளை உருப்போட்டுவிடலாம். வானிலையில் நமக்குப் பிறப்பிலேயே ஒரு சலுகை இருக்கிறது, ஆனால் பயன்படுத்துபவர்கள் குறைவு.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்தில் பெய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கு நடுவே காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடுகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் குவிந்திருப்பதற்குக் காரணம் அதுதான். புத்தகத்தில் படமாக வரும் பாடத்தை நீங்கள் பஸ் ஜன்னலிலேயே பார்க்கலாம். முட்டத்திலோ குளச்சலிலோ கடலுக்குப் போகிறவர்களிடம் மேல்காற்றான கச்சானும் கீழ்காற்றான கொண்டலும் எப்படி மாறுகின்றன என்று கேளுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கரையை உலுக்கியதற்குப் பிறகு அவர்கள் வானத்தைப் பற்றி விளையாட்டாகப் பேசுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருவனந்தபுரம் ஓடுபாதையின் எண்கள் 14, 32. எண் 32 என்றால் விமானம் ஏறக்குறைய 320 பாகையை நோக்கி இறங்குகிறது. ஆடி மாதத்தில் ஒருநாள் காற்று 260 பாகையிலிருந்து 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் வீசுகிறது என்று வையுங்கள். கோண வித்தியாசம் 60 பாகை. 60-ன் சைன் மதிப்பு 0.87. பக்கவாட்டில் தள்ளும் காற்று 20 x 0.87, அதாவது சுமார் 17 நாட். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172-ன் கையேட்டில், சோதனையில் தாங்கிக் காட்டியதாகக் குறிப்பிடும் பக்கக் காற்றின் அளவு 15 நாட். ஆகவே அன்று மாணவர் தேநீர் குடிக்கலாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்.

இன்னொரு சொல் 'நோட்டாம்'. விமானிகளுக்கு அனுப்பப்படும் அறிவிப்பு அது. பத்மநாப சுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போக ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், திருவனந்தபுரம் ஓடுபாதையையே கடந்து போகிறது. சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படும். அதைச் சொல்வதும் நோட்டாம்தான். படிக்காமல் கிளம்பினால் சுவாமி போகும்வரை வானத்தில் வட்டமடிக்க வேண்டும், அல்லது வேறு ஊருக்குத் திரும்ப வேண்டும்.

படி 5: 200 மணி நேரம்

சிபிஎல் என்னும் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானி. 300 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 555 கிலோமீட்டர், இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறும் நெடும்பயணம் ஒன்றும், இரவுப் பறப்பும், கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதும் இதில் அடங்கும். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி அகாடமி, உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் அகாடமி, இன்னும் பல தனியார் பள்ளிகள் இருக்கின்றன.

பள்ளிக்கு நேரில் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல், விமானங்களை நிறுத்தி வைக்கும் ஹேங்கர் வரை நடங்கள். நான் சேர்ந்த பள்ளியின் விளம்பரத்தில் ஐந்து விமானங்கள் இருந்தன. பறக்கும் நிலையில் இருந்தவை இரண்டு. மற்ற மூன்றும் உதிரிபாகத்துக்குக் காத்திருந்தன, அவற்றோடு நாங்களும் காத்திருந்தோம். ஆகவே கேள்வி இதுதான்: போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார்? பதிலை அலுவலகத்தில் கேட்காதீர்கள், கேன்டீனில் மாணவர்களிடம் கேளுங்கள்.

இரட்டை எஞ்சின் தகுதியையும் கருவிவழிப் பறப்புத் தகுதியையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். அவை இல்லாத உரிமத்தைக் கார்ப்பரேட் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

படி 6: முதல் வேலை

இந்தப் பிரிவில் வேலை பெரும்பாலும் ஆள் மூலம் ஆளுக்குத் தெரிந்துதான் கிடைக்கிறது. 2008-ல் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் புதிய விமான நிலையங்கள் வந்த பிறகு பழைய எச்ஏஎல் நிலையமும் பேகம்பேட்டும் தனி விமானங்களின் புகலிடமாகிவிட்டன. அங்கே விமானங்களைப் பராமரிக்கும் பொறியாளர்களின் பழக்கம் பிடியுங்கள். எந்த நிறுவனம் துணை விமானி தேடுகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். இடைக்காலத்தில் பயிற்றுநர் தகுதி எடுத்துப் பறப்பு மணிகளைச் சேர்ப்பது நல்ல வழி. நான் அதைத் தள்ளிப்போட்டேன், தவறு.

வேலை கிடைத்தால் அந்த வகை விமானத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். அதன் செலவை யார் ஏற்கிறார்கள், பதிலுக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். பலர் தொடங்குவது கிங் ஏர் பி200 போன்ற டர்போப்ராப்பில், அதாவது டர்பைன் எஞ்சின் விசிறியைச் சுழற்றும் விமானத்தில். அதன் அதிகபட்ச எடை 5,670 கிலோ. வாடகைப் பயணத்தில் 5,700 கிலோவைத் தாண்டும் விமானத்துக்குத் தலைமை விமானியாக வேண்டுமென்றால் 1,500 மணி நேரம் கேட்கும் உயர் உரிமம் தேவை.

படி 7: "இன்று முடியாது, சார்"

பறக்கத் தெரிந்தவர்கள் நிறைய. இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. முதலாளிக்கு மாலை ஆறு மணிக்கு ஒரு ஊரில் கூட்டம். அந்த நிலையம் ஐந்துக்கே மூடிவிடும், நேரத்தை நீட்டிக்கக் காலையிலேயே கேட்டிருக்க வேண்டும். அல்லது வழியில் இடிமேகம் வளர்கிறது. விமான நிறுவனத்தில் இதைச் சொல்லத் தனி அலுவலகம் இருக்கிறது. இங்கே விமானத்தின் சொந்தக்காரர் உங்களுக்கு நேர் பின்னால் நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் பழகிய முறை: கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே வானிலையையும் மாற்று நிலையத்தையும் எரிபொருளையும் எழுதி அவருடைய உதவியாளருக்கு அனுப்பிவிடுவேன். சந்தேகம் இருந்தால் அதிலேயே சொல்லி, ரயில் நேரத்தையும் சேர்த்து எழுதுவேன். ஏணிப்படியில் வைத்துச் சொல்லும் மறுப்பு அவமானமாகத் தெரியும், காலையில் எழுத்தில் வரும் மறுப்பு ஏற்பாடாகத் தெரியும்.

பையில் எப்போதும் மூன்று நாள் துணி இருக்கட்டும். ஒரு நாள் பயணம் என்றுதான் சொல்வார்கள்.